நைஸ் வகையறா

எங்கள் பனைமறிச்சான்குளத்துக்கு வருகிற பஸ் ஒன்றே ஒன்றுதான், காலையில் பத்தேகாலுக்கு வந்து, டிரைவர் ஒரு டீ குடிக்கிற நேரம் நின்று, வந்த வழியே திரும்பிப் போய்விடும். அந்த பஸ்ஸில், கார்த்திகை மாதம் முதல் செவ்வாய்க்கிழமை, நைஸ் என்கிற இங்கிலீஷ் வார்த்தை ஒரு தகரப்பெட்டியோடு வந்து இறங்கியது. இறங்கியது என்று எழுதக் கூடாது, இறங்கினார் என்றுதான் எழுத வேண்டும். ஐம்பது வயது சொல்லலாம், மாநிறம், வழுவழுவென்று சவரம் செய்த முகம், காலர் நைந்த வெள்ளைச் சட்டை, யாரைப் பார்த்தாலும் சிரிக்கிற வாய், சிரித்துச் சிரித்தே தேய்ந்துபோன உதடு. டீக்கடையில் நின்றவர்கள் யார் என்று கேட்டார்கள், நான் நைஸ், இங்கிலீஷ் வார்த்தை என்று சொன்னார், அப்படியா, உட்காருங்க, டீ சொல்லட்டுமா என்று கேட்டார்கள். போன வருஷம் காற்றாலை நாட்ட வந்தவர்களைக் கேட்ட மாதிரியேதான் கேட்டார்கள்.

டீயைக் குடித்து முடித்ததும் மாவு மில் எங்கே என்று விசாரித்திருக்கிறார். ஊரில் இருக்கிற மில் ஒன்றுதான், அது என்னுடையது. அரிசிக்கு ஒரு மெஷின், கோதுமைக்கு ஒரு மெஷின், மிளகாய்க்கும் மல்லிக்கும் தனியாக ஒரு மெஷின், நாற்பது வருஷமாக ஓடுகிறது. அவர் உள்ளே வந்தபோது ஆறு பெண்கள் டப்பாவோடு வரிசையில் நின்றார்கள், முன்னால் நின்ற முத்துப்பேச்சி, "அண்ணாச்சி, இடியாப்பத்துக்கு, நல்லா நைசா அரைச்சுக் குடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள், அவர் வாசலிலேயே பெட்டியை வைத்துவிட்டு, யாரோ தன்னை வீட்டுக்குள் கூப்பிட்டதுபோல நின்றார்.

தமிழ் அவருக்குத் தெரிந்திருந்தது, அதுவும் எங்கள் பக்கத்துத் தமிழ், எத்தனை வருஷமாக எங்கள் வாயில் கிடந்திருக்கிறார். "உலகம் பூராவும் என்னை மென்னு துப்பிட்டாங்க அண்ணாச்சி" என்று என்னிடம் சொன்னார். "சட்டை வாங்கினாலும் நைஸ், சாப்பாடு போட்டாலும் நைஸ், ஒண்ணும் சொல்லத் தோணலேன்னாலும் நைஸ். சொல்லுதவங்க மனசுல ஒண்ணும் இருக்காது. இந்த மில்லுல மட்டுந்தான் என் பேரைச் சொன்னா ஒரு வேலை நடக்குது. கொஞ்ச நாள் இங்கயே இருந்துக்கிடுதேன்."

"இருக்கதுக்கு என்ன, தாராளமா இரும்" என்றாள் முத்துப்பேச்சி. "நீரு யாரு மவன்?"

அவர் சிரித்த வாயை மூடினார். அப்பா உண்டு, தாத்தா உண்டு, ஆனால் பார்த்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது, முகம்கூட மறந்துவிட்டது என்றார்.

எங்கள் ஊரில் அது செல்லாது. வீடு வாடகைக்கு வேண்டுமென்றாலும், பெண் கேட்டு வந்தாலும், கோயில் கொடையில் பந்தியில் உட்கார வேண்டுமென்றாலும், அப்பன் யார், பாட்டன் யார், பூட்டன் யார் என்று மூன்று தலைமுறை சொல்ல வேண்டும், சொன்னதை ஊர்ச் சங்கத்தின் காரியதரிசி வகையறா நோட்டில் எழுத வேண்டும், எழுதியதைச் சம்பந்தப்பட்டவர் சபையில் சத்தமாக வாசிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் அவர் ஊர்க்காரர். இதைக் கேட்டதும் நைஸ் உட்கார்ந்து வீட்டுக்குக் கடிதம் எழுதினார். பதில் வருகிற வரைக்கும் மில்லுக்குப் பின்னால் சாக்கு அடுக்குகிற அறையில் தங்கிக்கொள்ளச் சொன்னேன். அன்று சாயங்காலமே காரியதரிசியிடமிருந்து ஆள் வந்தது, தன் வீட்டு மாடி காலியாகத்தான் இருக்கிறது, அங்கே ஃபேன் உண்டு, விருந்தாளியை அங்கே அனுப்பலாம் என்று. அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டேன்.

காரியதரிசி தவசிக்கனி, ஓய்வுபெற்ற இங்கிலீஷ் வாத்தியார், என் பெண்டாட்டி வடிவுக்கு உடன்பிறந்த அண்ணன். அவரும் நானும் பேசி முப்பத்தோரு வருஷம் ஆகியிருந்தது.

முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் எங்கள் நிச்சயதார்த்தம் அவர் வீட்டில் நடந்தது. மாப்பிள்ளையே எழுந்து நின்று முகூர்த்த ஓலையை வாசிக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். நான் நாலாம் வகுப்போடு நின்றவன், எண்பது பேர் எதிரில் எழுத்துக்கூட்டி, நிகழும் என்பது வரைக்கும் வந்துவிட்டேன், மங்களகரமான என்ற இடத்தில் நாக்கு இடறியது, ஒரு தரம் நின்றேன், இரண்டாம் தரம் நின்றேன், மூன்றாம் தரம் நிற்பதற்குள் இவர் எழுந்து வந்து காகிதத்தை என் கையிலிருந்து மெதுவாக உருவினார். "விடுங்க மாப்ளே" என்றார், பிறகு சபையைப் பார்த்துச் சிரித்து, "ஒண்ணும் தெரியாதவரு. ஆனா ஆளு நைஸ்" என்றார். எண்பது பேரும் சிரித்தார்கள். என் அப்பாவும் சிரித்தார். அன்றைக்கு முடிவு செய்தேன், கல்யாணம் நடக்கும், இந்த வீட்டு வாசலை இனி மிதிக்க மாட்டேன், இவர் என் வாசலை மிதிக்கவும் விட மாட்டேன். இன்றுவரை அவர் வீட்டு அரிசி பக்கத்து ஊர் மில்லில்தான் அரைபடுகிறது, அவர் மொபெட்டில் டப்பாவைக் கட்டிக்கொண்டு ஆறு கிலோமீட்டர் போய்வருவார், அந்த மில்லில் மாவு கொறகொறவென்றுதான் வரும் என்பது எனக்குத் தெரியும், நினைக்கும்போதெல்லாம் சந்தோஷமாக இருக்கும்.

வடிவு ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் அந்தக் கார்த்திகையில் எங்கள் ஒரே மகள் சுகந்திக்குத் தை மாதக் கல்யாணம் முடிவாகியிருந்தது, பத்திரிகைக்கு மாதிரி எழுதிப் பிரஸ்ஸில் கொடுத்தாயிற்று, தாய்மாமன் பெயர் வருகிற இடத்தில் நான் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்காமல் பெண் மணையில் உட்கார மாட்டாள். தினமும் காலையில் காபி கொடுக்கும்போது வடிவு கேட்பாள்.

"எங்கண்ணன் பேரு உண்டா, இல்லையா?"

"இல்ல."

"அப்ப என் பேரும் வேண்டாம்."

அவ்வளவுதான் பேச்சு. அம்மா பெயர் இல்லாத கல்யாணப் பத்திரிகையை யார் எந்த ஊரில் பார்த்திருக்கிறார்கள்? இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிட்டு மில்லுக்குப் போய்விடுவேன். கடைசித் திருத்தம் கொடுக்கக் கார்த்திகை நாலாவது வெள்ளிக்கிழமை வரை பிரஸ்காரர் நேரம் கொடுத்திருந்தார்.

மில்லில் வேறு ஒரு சங்கடம் முளைத்தது. வயதுக்கு மூத்தவரை, அதுவும் எதிரில் உட்கார்ந்திருப்பவரை, பெயர் சொல்லிப் பேசுவது எங்கள் பெண்களுக்கு வராது. நைஸ் ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்து மாவு விழுகிற துணிக்குழாயைப் பார்த்துக்கொண்டே இருப்பார், வருகிற பெண்கள் அவர் பக்கம் தாடையைக் காட்டி, "அண்ணாச்சி, இதை அவரு பேருல அரைச்சுருங்க" என்று சொல்ல ஆரம்பித்தார்கள், சொல்லி இரண்டு நாளில் அது ஊர் வழக்கமாகி, ஜவுளிக்கடையில் சேலை பார்க்கிறவளும், "துணி அவரு மாதிரி இருக்கா பாரு" என்று கேட்டாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் இங்கிலீஷ் பாடத்தில் அந்த வார்த்தை வருகிற இடத்தில் ஒரு மூச்சு நிறுத்தித் தாண்டிப் போனார்கள். இதில் அதிகம் கஷ்டப்பட்டவர் தவசிக்கனிதான். ஒரு நாளைக்கு நாற்பது தரம் அந்த வார்த்தையைச் சொல்லிப் பழகியவர், காபிக்குச் சொல்வார், வெயில் தாழ்ந்தால் சொல்வார், யாராவது செத்துப் போனால் அவரைப் பற்றியும் அதையேதான் சொல்வார், இப்போது வாயைத் திறந்து, பாதியில் மூடிக்கொண்டு நடந்தார்.

தினமும் பதினொரு மணிக்கு அவர் மொபெட் மில்லுக்கு எதிரில் வந்து நிற்கும். இறங்கி டயரை அமுக்கிப் பார்ப்பார், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், போட்டுக்கொண்டு மில்லுக்குள் பார்ப்பார், மறுபடியும் டயரை அமுக்குவார்.

"வாத்தியாரு வண்டிக்கு தினமும் காத்து எறங்குது அண்ணாச்சி" என்பாள் முத்துப்பேச்சி. "வாசல்ல நின்னு ஒரு வார்த்தை வாங்கன்னு சொன்னா கெட்டா போயிரும்?"

"உனக்கு மல்லி அரைக்கணுமா, வேண்டாமா?"

முப்பத்தாறு வருஷம் அந்த வார்த்தையைக் கரும்பலகையில் எழுதியவர் அதன் முகத்தைப் பார்க்கத்தான் வந்து நிற்கிறார் என்பது எனக்கும் தெரியும். தெரிந்துதான் நைஸைத் தூணுக்குப் பின்னால் நகர்ந்து உட்காரச் சொன்னேன்.

இரண்டாம் செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் அவருடைய அப்பா வந்து இறங்கினார். அவர் பெயரும் நைஸ்தான், ஆனால் அவர் காலத்தில் அந்தப் பெயருக்கு நுணுக்கம் என்று அர்த்தமாம். மெலிந்த ஆள், சட்டைப்பையில் ஒரு முழக்கோல், மூக்கின் நுனியில் கண்ணாடி. வந்ததும் என் சல்லடைகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து மூன்றை ஒதுக்கிவைத்தார், மெஷினில் கல் எங்கே தேய்ந்திருக்கிறது என்று மயிரிழை கணக்காகச் சொன்னார், மிளகாய் அரைத்த மெஷினில் மல்லி போடுவதற்கு முன்னால் எத்தனை பிடி உமி ஓட்டிவிட வேண்டும் என்று எண்ணிச் சொன்னார், அவர் சொன்னபடி செய்ததில் அந்த வாரம் அரைத்த மாவு நெற்றிக்கு இட்டுக்கொள்கிற திருநீறு போல இருந்தது.

மூன்றாம் செவ்வாய்க்கிழமை தாத்தா வந்தார். அவர் காலத்தில் அதே பெயருக்குக் கூச்சம் என்று அர்த்தம், எதுவும் லேசில் பிடிக்காது என்றும் அர்த்தம். பஸ்ஸிலிருந்து அவரை இறக்கவே கண்டக்டர் பத்து நிமிஷம் கெஞ்ச வேண்டியிருந்தது. பெண்கள் வரிசையில் நின்றால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார், சாப்பாட்டில் கறிவேப்பிலை கிடந்தால் தட்டைத் தள்ளிவிடுவார். வடிவு அதற்கெல்லாம் கோபப்படவில்லை, கறிவேப்பிலையை எடுத்துவிட்டுக் கதவுக்கு வெளியே தட்டை வைத்துவிட்டு வருவாள். "பொறந்த வீட்டு ஆளு ஒருத்தரும் வராத வீட்டுக்கு இவங்களாவது வந்தாங்களே" என்று என் காதில் விழும்படி சொல்வாள். மூன்று தலைமுறைக்கு இன்னும் ஒரு ஆள்தான் பாக்கி என்று ஊர் காத்திருந்தது.

நாலாம் செவ்வாய்க்கிழமை பூட்டன் வந்தார். அவர் பஸ்ஸில் வந்தாரா, பஸ்ஸுக்குப் பின்னால் நடந்து வந்தாரா என்று சரியாக யாரும் பார்க்கவில்லை. பெரிய உருவம், படுக்கைவிரிப்புப் போல ஒரு துணியைத் தோளைச் சுற்றிப் போட்டிருந்தார், காலில் செருப்பு இல்லை, முகத்தில் கவலை என்று ஒரு கோடு இல்லை. அவர் பேசியது மகனுக்கும் பேரனுக்குமே பாதிதான் புரிந்தது. மில்லுக்குள் வந்தவர் ஓடுகிற பெல்ட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு அதைக் காட்டி என்னிடம் எதையோ கேட்டார்.

"இது ஏன் சுத்துதுன்னு கேக்காரு" என்றார் நைஸ்.

"கரண்டு வருது, சுத்துது."

"கரண்டு வந்தா ஏன் சுத்தணும்னு கேக்காரு."

நாற்பது வருஷமாக அந்த மெஷினை ஓட்டுகிறேன், அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. "எனக்குத் தெரியாது" என்றேன்.

கிழவர் முகம் மலர்ந்துவிட்டது. என் கையைப் பிடித்து மாவோடு அப்படியே தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். உள்ளே மெதுவாக, அவசரமே இல்லாமல், ரொம்பத் தூரத்தில் யாரோ உரலில் இடிப்பதுபோல அடித்துக்கொண்டிருந்தது.

"உம்மை எடுத்துக்கிட்டாரு" என்றார் நைஸ். "எங்க பூட்டன் ஒருத்தரு கையை நெஞ்சில வச்சுட்டா அவரு எங்க வகையறா. தெரியாதுன்னு யாரு சொன்னாலும் எடுத்துக்கிடுவாரு."

வரிசையில் நின்ற பெண்கள் இதைச் சுவீகாரம் என்று புரிந்துகொண்டார்கள், சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. ஆனால் இரண்டு நாளாக அவர் தெருத்தெருவாக நடந்து எல்லாரையும் என்னென்னவோ கேட்டும் வேறு ஒருவரைக்கூட எடுத்துக்கொள்ள முடியவில்லை, ஏனென்றால் தெரியாது என்று சொல்கிற பழக்கம் பனைமறிச்சான்குளத்தில் கிடையாது, போகாத ஊருக்குக்கூட வழி சொல்லித்தான் அனுப்புவோம். வேப்பமரம் ஏன் கசக்கிறது என்று கேட்டதற்கு அவருக்கு ஒன்பது காரணங்கள் கிடைத்தன.

பூட்டன் வந்த செவ்வாய்க்கிழமை மத்தியானமே நைஸிடம் அவர் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். அவர் சொன்னதும் மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன். முப்பத்தோரு வருஷமாக நான் தேடாமலே தேடிக்கொண்டிருந்த சாமான் என் சாக்கு அறையிலேயே வந்து படுத்திருந்தது. வியாழக்கிழமை ஊர்க்கூட்டம், அங்கே நோட்டில் எழுத வேண்டியவர் தவசிக்கனி, அவர் கையாலேயே அந்தப் பெயரை எழுத வேண்டும், எழுதும்போது நான் எழுந்து நின்று சொல்ல வேண்டிய வாக்கியத்தை மெஷின் சத்தத்தில் நூறு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்: எழுதும் வாத்தியாரே, நீரு மூச்சுக்கு மூச்சு சொல்லுத வார்த்தைக்கே பூட்டன் ஒண்ணும் தெரியாதவன்தான்.

வடிவு என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"சபையில வச்சு எங்கண்ணனை ஏதோ சொல்லப் போறீங்க."

"என்னை அவரு சபையில வச்சுத்தான் சொன்னாரு."

"சொல்லுங்க, நான் தடுக்கலை. மறுநாள் நானே பிரஸ்ஸுக்குப் போயி என் பேரை எடுத்துட்டு வந்துருதேன். மணையில நம்ம பிள்ளைக்கு நீங்களே மாலை எடுத்துக் குடுங்க, நீங்களே அம்மாவாவும் நில்லுங்க." காபி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வியாழக்கிழமை மூன்று மணிக்குச் சங்கக் கட்டடம் நிறைந்துவிட்டது. தலைவர் சொர்ணமுத்து நடுவில் உட்கார்ந்தார், அவருக்குப் பக்கத்தில் நோட்டோடு தவசிக்கனி, எதிர் பெஞ்சில் நாலு தலைமுறையும் வரிசையாக, அதில் தாத்தா மட்டும் தூணுக்குப் பின்னால் பாதி. நான் முன்வரிசையில், வடிவு பெண்கள் பக்கத்தில், முத்துப்பேச்சிக்குப் பக்கத்தில். அப்பா பெயர் எழுதியாயிற்று, தாத்தா பெயர் எழுதியாயிற்று.

"பூட்டன் பேரு?" என்றார் தலைவர்.

"நெஸ்கியுஸ்" என்றார் நைஸ். "லத்தீன்காரரு, ரோமாபுரி. அவரு பாஷையில அந்தப் பேருக்கு ஒண்ணும் தெரியாதவருன்னு அர்த்தம். அவருகிட்டருந்து பிரான்ஸ் வழியா இங்கிலாந்துக்குப் போன வம்சம் நாங்க."

எண்பது பேர் அன்றைக்குச் சிரித்ததைப் பார்த்தவர்கள் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள், மீதிப் பேர் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள், எல்லாருடைய கண்ணும் என்மேல் வந்தது, பிறகு தவசிக்கனிமேல் போனது. அவர் பேனா நோட்டைத் தொடாமல் நின்றது. நான் எழுந்தேன்.

வாயைத் திறப்பதற்குள் தலைவர் கையைக் காட்டினார். "இரும் அண்ணாச்சி, முறைப்படி ஒண்ணு கேக்கணும். காரியதரிசி, இந்த வார்த்தையை முப்பத்தாறு வருஷம் சொல்லிக் குடுத்தவரு நீரு. இவருக்குப் பூட்டன் இவருதானா, சரிதானா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம், புத்தகத்தில் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம், எங்கள் ஊரில் யார் போய்ப் புத்தகத்தைப் பார்க்கப் போகிறார்கள். தவசிக்கனி கண்ணாடியைக் கழற்றினார். நாலு தலைமுறையையும் ஒவ்வொருவராகப் பார்த்தார், எழுந்து நிற்கிற என்னையும் பார்த்தார்.

"எனக்குத் தெரியாது" என்றார். "இப்படி ஒருத்தரு இருந்தாருன்னே எனக்குத் தெரியாது. இவங்க யாரையும் தெரியாமலேதான் முப்பத்தாறு வருஷம் பாடம் எடுத்திருக்கேன்."

அந்த வாயிலிருந்து அந்த வார்த்தையை ஊர் கேட்டதில்லை. பெஞ்சிலிருந்து கிழவர் எழுந்தார், சபையைக் கடந்து நடந்து போனார், வாத்தியாருடைய கையைப் பேனாவோடு பிடித்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். என் வாக்கியம் என் வாயிலேயே நின்றது, அதை எங்கே போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

முத்துப்பேச்சிதான் முதலில் பேசினாள். "அப்ப அண்ணாச்சியும் வாத்தியாரும் ஒரே வகையறால்லா ஆயிட்டாக? ரெண்டு பேரும் பங்காளின்னா, வடிவு மைனி யாரு?"

சபை கலகலத்துவிட்டது. பங்காளிக்குத் தங்கை என்றால் எனக்கும் தங்கை, தங்கையோடு முப்பத்தோரு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், தை மாதம் சம்பந்தி வீட்டார் வகையறா நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார்கள், பார்த்தால் சுகந்தி கல்யாணம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். யார் பெயரையாவது வெட்ட வேண்டும் என்று நாலு பேர் சொன்னார்கள், நெஞ்சில் வைத்த கையை வெட்ட முடியாது என்று நாலு பேர் சொன்னார்கள். நுணுக்கக்காரர் முழக்கோலை எடுத்துக்கொண்டு எதை அளப்பது என்று பார்த்தார். தாத்தா தூணுக்குப் பின்னால் முழுசாகப் போய்விட்டார்.

"நான் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கிடுதேன்" என்றார் தவசிக்கனி. "எனக்குத் தெரியும்னு எழுதிக்கிடுதேன். தங்கச்சி குடும்பம் கெடக் கூடாது."

"பொய்யா எழுதாதீங்க அண்ணே" என்று பெண்கள் பக்கத்திலிருந்து குரல் வந்தது. வடிவு எழுந்து நின்றாள். அவள் சபையில் பேசி யாரும் பார்த்ததில்லை. "ரெண்டு பேருக்குமே ஒண்ணும் தெரியாது, முப்பத்தோரு வருஷமா நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ரெண்டு பேரும் அந்த வகையறாதான். ஒருத்தரை மகன் வழியில எழுதுங்க, ஒருத்தரை மகள் வழியில எழுதுங்க. மாமன் மச்சான் முறை தானா வந்துரும்."

தலைவர் யோசித்தார். "பெரியவருக்கு மகள் உண்டா?"

நைஸ் கேட்டுச் சொன்னார். "தெரியாதுங்காரு."

"இல்லைன்னு சொல்லலையே. எழுதலாம்." தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மகள் வழிக்காரருக்கு மாமன் முறை, மாலை எடுத்துக் குடுக்கிற உரிமை அவருக்கு. மகன் வழிக்காரரு பேருக்கு முன்னால பெரியவரு பேரு வரும், ஒண்ணும் தெரியாதவரு வகையறா இன்னாருன்னு. யாருக்கு எது?"

"பேரை எனக்கே எழுதிக்கிடுதேன்" என்றார் தவசிக்கனி. "நான் சொன்னது எனக்கே வரட்டும். மாலை எனக்கு வேண்டாம், அதைக் கேக்க எனக்கு யோக்கியதையும் இல்லை." சொல்லிவிட்டுப் பேனாவை நோட்டில் வைத்தார்.

நான் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தேன். ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்துவிட்டால் போதும், முப்பத்தோரு வருஷம் முடிந்துவிடும், அவர் கையால் அவர் பெயருக்கு முன்னால் அவர் சொன்ன சொல்லை அவரே எழுதிக்கொள்வார், ஊர் இருக்கிற வரைக்கும் நோட்டில் இருக்கும். வடிவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, அண்ணனுடைய பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மகன் வழி நான்" என்றேன்.

பேனா நின்றது.

"எழுதும் மச்சான்" என்றேன்.

அவர் எழுதினார். வாத்தியார் கையெழுத்து, குண்டு குண்டாக, ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவில் ஒரு எறும்பு போகலாம். எழுதி முடித்ததும் வழக்கப்படி நோட்டைத் திருப்பி என்னிடம் நீட்டினார், சம்பந்தப்பட்டவன் சத்தமாக வாசிக்க வேண்டும். இந்த முப்பத்தோரு வருஷத்தில் பொட்டலம் மடிக்கிற காகிதத்தையெல்லாம் விடாமல் வாசித்து நான் நன்றாகவே படிக்கக் கற்றுக்கொண்டிருந்தேன், அது கோபத்தில் படித்த படிப்பு. நோட்டை வாங்கிக்கொண்டு ஆரம்பித்தேன். நிகழும் என்று வாசித்தேன். அடுத்த வார்த்தையில் நாக்கு இடறியது. ஒரு தரம் நின்றேன். இரண்டாம் தரம் நின்றேன். மூன்றாம் தரமும் நின்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. தவசிக்கனி என் எதிரில் நின்றார், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பையன் நிற்பதுபோல, நான் முடிக்கிற வரைக்கும் அப்படியே நின்றார்.

வெள்ளிக்கிழமை பிரஸ்ஸுக்குப் போய்க் கோடு போட்ட இடத்தில் தவசிக்கனி என்று பெயரைப் படிப்போடு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அச்சாகி வந்ததில் பி.ஏ. இருந்தது, பி.எட். விட்டுப்போயிருந்தது. பிரஸ்காரர் தப்பு என்றுதான் எல்லாரும் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் எழுதிக் கொடுத்த காகிதத்தைப் பிரஸ்ஸிலிருந்து திருப்பி வாங்கிப் பத்திரமாக அடுப்பில் போட்டுவிட்டேன்.

நைஸும் அப்பாவும் தாத்தாவும் நோட்டில் ஏறிய மறுவாரமே ஊருக்குள் வீடு பிடித்துப் போய்விட்டார்கள், பந்தியில் அவர்களுக்கு மூன்றாம் வரிசை. பூட்டன் மட்டும் மில்லை விட்டு வரவில்லை, சாக்கின்மேல் உட்கார்ந்து பெல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மார்கழி பாதியில் ஒரு நாள் பதினொரு மணிக்கு எதிரில் மொபெட் வந்து நின்றது. அன்றைக்கு டயரை அமுக்கிப் பார்க்கவில்லை. பின்னால் கட்டியிருந்த டப்பாவை அவிழ்த்து, ரோட்டைக் கடந்து, வாசற்படியில் ஒரு கணம் நின்று, தவசிக்கனி என் மில்லுக்குள் காலை வைத்தார்.

"வாங்க" என்றேன்.

"சீருக்கு அதிரசம் போடணும் மாப்ளே. பச்சரிசி, நனைச்சு உலத்திக் கொண்டாந்திருக்கேன்." டப்பாவை வைத்தார். "அவரு பேருல அரைச்சுக் குடுங்க."

"எவரு பேருல? பேரன் பேருலயா, பூட்டன் பேருலயா?"

அவர் சாக்கின்மேல் இருந்த கிழவரைப் பார்த்தார். "பூட்டன் பேருல அரைச்சா எப்படி வரும்?"

"தெரியாது" என்றேன்.

"எனக்கும் தெரியாது" என்றார்.

கிழவர் இரண்டு கையையும் எங்கள் பக்கம் நீட்டினார். நான் அரிசியைத் தொட்டியில் கொட்டிவிட்டு சுவிட்சைப் போட்டேன்.